சுமக்க எட்டுப் பேர்

மக்குயூனி மிஷன் கிராமம்
1880 ஜூன் 11

தம்பி சொங்கோரோவுக்கு,

கர்த்தர் உன் கால்களைக் காக்கட்டும். இங்கே நான் சுகம். பயமெல்லாம் உங்கள் இருவரைப் பற்றித்தான். உனக்கு அந்தப் பழைய இருமல் திரும்பியதா? என் வீட்டுக்காரர் வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

நீங்கள் போனதிலிருந்து ஊரில் ஆண் குரலே இல்லை. மழை நின்றுவிட்டது. மரவள்ளி பிடுங்கிக் காயப்போட்டிருக்கிறோம். நான் தைத்த கூடாரம் ஒழுகாமல் இருக்கிறதா என்று எழுது.

போன ஞாயிறு கோயிலில் கிரிம்ஷா துரை பிரசங்கம் பண்ணினார். "நம்ம ஆல்வுட் பாதிரியார் மனுசக் கண்ணே படாத நாட்டுக்குள்ள வேதத்தக் கொண்டு போயிருக்கார்" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். என் வாய் திறக்கவில்லை. ருவுமா ஆற்றுக்கு அப்பால் அம்மா நமக்குக் களி கிண்டிப் போட்ட வீடு வானத்திலா இருந்தது? நம் இருவரையும் ஒரே கயிற்றில் கட்டிக் கடற்கரைக்கு இழுத்து வந்த அடிமை வியாபாரிகளுக்கு அந்த வழி நன்றாகவே தெரிந்திருந்தது. துரை ஒருவர் வந்து பார்த்தால்தான் அது நாடு போலிருக்கிறது.

சரி, நீ அவருக்கு மொழிபெயர்ப்பாளன், கோபப்படாதே. என் வீட்டுக்காரருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்வதை அவர் சொல்கிறபடியே எழுது. திருத்தாதே.

உன் அக்கா,
தபீத்தா

*

ருவுமா ஆற்றங்கரை
1880 ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டதும் இருமல்கூட நின்றுவிட்டது. நான் சுகம். அத்தானும் சுகம். நீ ராத்திரியில் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆட்களுக்குப் பாரம் கொஞ்சம் அதிகம். ஏரியில் விடுவதற்கு ஓர் இரும்புப் படகைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்து வருகிறோம். பாதிரியார் ஓரிடத்தில் உட்காருவதில்லை. அதனால் ஆட்கள் அவருக்கு 'உட்காராதவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கெட்டவர் இல்லை, அக்கா. அவசரக்காரர். சாயங்காலம் எவ்வளவு களைத்திருந்தாலும் எனக்குப் பாடம் சொல்லித்தருகிறார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் கம்பளியை எடுத்துப் போர்த்தினார்.

அத்தான்தான் சுமைக்காரர்களுக்குத் தலைவர். சிவப்புக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடக்கிற நடையை நீ பார்க்க வேண்டும். அவர் சொன்னது இதோ, ஓர் எழுத்து திருத்தவில்லை:

"உங்கக்காகிட்ட சொல்லு, அவ தைச்ச கூடாரம் ஒழுகல. ஒழுகினாத்தான் எனக்கென்ன, உள்ள படுக்கிறது பாதிரி. நான் வெளிய படுத்துக் கொசுவுக்குச் சோறு போடறேன். அந்தச் செவலைக் கோழிய வித்துடாதேன்னு சொல்லு. அவளுக்குக் கோவம் வந்தா மொதல்ல கோழிதான் சந்தைக்குப் போகும், எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும்.

உன் தம்பி,
சொங்கோரோ

*

மக்குயூனி
1880 ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

கர்த்தர் துணை. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான்.

உங்கள் கூட்டத்திலிருந்து மூன்று பேர் ஓடிவந்துவிட்டார்கள். கிரிம்ஷா துரை அவர்களைச் சாமான் கிடங்கில் போட்டுப் பூட்டியிருக்கிறார். ஒப்பந்தத்தை மீறினவர்களாம். நான் ஜன்னல் கம்பி வழியாகக் களியும் கருவாடும் கொடுக்கப் போனேன். அவர்களில் ஃபெரூசியின் முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம்.

"அக்கா, அந்தப் படகுத் துண்டு தோள்ல ஏறினா எறங்காது. விழுந்தவன எழுப்ப ஆள் வராது, பெரம்புதான் வரும்" என்றான்.

"அடிச்சது யாரு? பாதிரியா?"

"அவர் கையால அடிக்க மாட்டார். ஜெபம் பண்ணிட்டு, அடிக்கச் சொல்லுவார்."

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "மஜாலிவா அண்ணன் கால்ல புண்ணு. ஆழமா இருக்கு. அப்பவும் அவர்தான் மத்தவன் சுமையையும் சேத்துத் தூக்குறார்."

ஓடிவந்தவன் சொல்லித்தான் என் புருஷன் காலைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டுமா? கொசு, கோழி என்று ஒரு பக்கம் எழுதத் தெரிந்த உனக்கு இந்த ஒரு வரி எழுத வரவில்லையா? கயிற்றில் கட்டி வந்த வழியில் உன்னைத் தோளில் தூக்கியவள் நான். எனக்குப் பூசி மெழுக வேண்டாம்.

அவர் கால் எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுது.

தபீத்தா

*

நியாசா ஏரிக்கரை
1880 அக்டோபர் 2

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தேவ கிருபையால் நாங்கள் அனைவரும் சுகமாய் இருக்கிறோம். உன் சுகத்தை அறிய விரும்புகிறேன்.

சென்ற வாரம் ஏரியை வந்தடைந்தோம். படகைப் பொருத்தி நீரில் விட்டோம். மேற்கே தெரிகிற உயரமான மலைக்குப் பாதிரியார் தம் தாயாரின் பெயரை வைத்து, துதி செலுத்தினார். காட்சி மிக அழகாக இருந்தது.

ஓடிப்போனவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். கடிதங்கள் தவறிவிடக் கூடாது என்பதால் இப்போது தபால் பை பாதிரியாரின் பொறுப்பில் இருக்கிறது. உன் கையெழுத்து மிகவும் தேறியிருப்பதாகப் பாராட்டினார். சில சொற்கள் மட்டும் ஒரு கிறிஸ்தவப் பெண்மணிக்கு ஏற்றவை அல்ல என்றார்.

மஜாலிவா நலம். தம் அன்பு மனைவிக்கு வாழ்த்துகளைத் தெரிவிக்கச் சொன்னார்.

இங்ஙனம்,
யோவாஷ் சொங்கோரோ

*

மக்குயூனி
1880 நவம்பர் 8

சொங்கோரோவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

'தம் அன்பு மனைவிக்கு வாழ்த்துகள்.' பத்து வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன். ஒருநாளும் அவர் வாயில் வராத வார்த்தை இது. கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் நிற்கும்போதே "செருப்பு கடிக்குது, சீக்கிரம் முடிக்கச் சொல்லு" என்று என் காதில் சொன்ன ஆள். அவர் எங்கே?

என் கையெழுத்தைப் பாராட்டினாராமா? அப்படியானால் இதையும் படிப்பார். படிக்கட்டும்.

ஆல்வுட் பாதிரியாரே, அக்கா தம்பிக்கு எழுதுகிற கடிதத்தைப் பிரித்துப் படிப்பது உங்கள் ஊரில் மரியாதையா? எங்கள் ஊரில் இல்லை. உங்கள் கூடாரத்தின் ஒவ்வொரு மடிப்பும் நான் தைத்தது. நான் தைத்ததற்கு அடியில் உட்கார்ந்துகொண்டு என் கடிதத்தைப் படிக்கிறீர்கள். படித்தது படித்தீர்கள், பதில் நீங்களே எழுதுங்கள். மஜாலிவா எங்கே? கிறிஸ்தவப் பெண்மணிக்கு ஏற்ற சொற்களில்தான் கேட்டிருக்கிறேன். ஏற்காத சொற்கள் இன்னும் நிறைய மிச்சம் வைத்திருக்கிறேன்.

தபீத்தா, மஜாலிவாவின் மனைவி

*

மக்குயூனி
1881 ஜனவரி 10

சொங்கோரோவுக்கு,

பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இதைத் தபால் பையில் போடவில்லை. யானைத் தந்த வியாபாரி ரஷீதி ஏரிப் பக்கம் போகிறார். அவர் கையில் கொடுக்கிறேன்.

புதுவருஷ ஆராதனையில் கிரிம்ஷா துரை உங்கள் பயண அறிக்கையை எடுத்து வாசித்தார். மலை, ஆறு, பறவை எல்லாம் வந்தது. நடுவில் ஒரு வரி: "பயனற்ற சிலரை வழியில் கழித்துவிட்டதால் பயணம் வேகம் பெற்றது."

நான் எழுந்துவிட்டேன். என்னைக் கேட்காமலே கால் எழுந்துவிட்டது.

"கழிச்சவங்க பேர வாசிங்க துரை."

"உக்காரு தபீத்தா. இது கோயில்."

"கோயில்லதான் கேக்கணும். பேரு என்ன?"

"அறிக்கையில பேரெல்லாம் இல்லம்மா."

"மலைக்குப் பேரு இருக்கு. பறவைக்குப் பேரு இருக்கு. மூட்டை தூக்கின ஆளுக்கு இல்லையா?"

பின் பெஞ்சில் யாரோ "கேளு, கேளு" என்றார்கள். துரை புத்தகத்தை மூடிவிட்டு எல்லாரையும் பாட்டுப் பாடச் சொன்னார். பாடினார்கள். நான் பாட்டு முடியும் வரை நின்றேன். மறுநாள் தையல் கூடத்துக்குப் போனால், என் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். பாவம், அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் இறந்திருந்தால் சொல். நான் மாரடித்து ஒப்பாரி வைக்கிறவள் இல்லை; ஆனால் அழுவதற்கு எனக்கு நாள் தெரிய வேண்டும்.

தபீத்தா

*

நியாசா ஏரிக்கரை
1881 பிப்ரவரி 14

அக்கா,

உன் கடிதங்கள் இரண்டும் இப்போதுதான் ஒன்றாகக் கைக்கு வந்தன. ஒன்றை ரஷீதி கொடுத்தார். நவம்பரில் எழுதியது பாதிரியாரின் பெட்டியில் இருந்தது. பிரித்துப் படித்திருந்தார்.

பாதிரியார் போன வாரம் இறந்துவிட்டார். காய்ச்சல். இனி என் கடிதத்தைப் படிக்க யாரும் இல்லை, நடந்ததை எழுதுகிறேன்.

ஏரிக்கு முன்னால், சிவௌலா என்ற தலைவரின் ஊரில், நம் ஆட்கள் மூன்று பேர் வயிற்றுக்கடுப்பில் விழுந்தார்கள். அத்தானாலும் நடக்க முடியவில்லை. ஆனாலும் அவர் தனக்காகப் பேசவில்லை. "அவங்க எந்திரிக்கிற வரைக்கும் நில்லுங்க. இல்ல, படகப் போட்டுட்டு ஆளத் தூக்குங்க" என்றார். மழைக்கு முன் ஏரியை அடைந்தாக வேண்டும் என்று பாதிரியார் சொன்னார். "அப்ப நீங்க போங்க. நான் இவனுங்களோட உக்கார்றேன்" என்று அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பாதிரியார் கலகம் என்றார். எல்லார் முன்னாலும் அந்தச் சிவப்புக் கோட்டைக் கழற்ற வைத்தார்.

விழுந்த மூவரில் சாதாலா என்கிற சின்னப் பையன் என் காலைப் பிடித்துக்கொண்டு, "விட்டுட்டுப் போகாதீங்கண்ணே" என்றான். நான் அதைப் பாதிரியாருக்கு மொழிபெயர்த்தேன். "கடவுள் அவங்களோட இருப்பார்னு சொல்லு" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன், அக்கா. அத்தான் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுத முடியாது. சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்ள அவர்களிடம் ஒரு கட்டுத் துணியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டோம். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. 'நலம்' என்று எழுதினேனே, அன்றைக்கும் தெரியாது.

சாகும்போது பாதிரியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னை இந்த மண்ணுல விட்டுடாதே சொங்கோரோ. என் ஜனங்ககிட்ட கொண்டு சேத்துடு" என்றார். குழந்தை மாதிரி அழுதார். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். உடலை உப்பிட்டு உலர்த்தி மரப்பட்டையில் சுற்றியிருக்கிறோம். பலர் ஓடிவிட்டார்கள், சுமக்க எட்டுப் பேர் மிச்சம். சிவௌலாவின் ஊர் வழியாகத்தான் வருவோம். மழை விடும்வரை அங்கேதான் இருப்போம். அவர் இறந்தது கிரிம்ஷா துரைக்கும் தெரியட்டும் என்று ரஷீதியிடமே செய்தி அனுப்பியிருக்கிறேன்.

என்னைத் திட்டு. ஆனால் பதில் எழுது.

சொங்கோரோ

*

மக்குயூனி
1881 ஏப்ரல் 2

சொங்கோரோவுக்கு,

ரஷீதியின் ஆட்கள் இன்றே கிளம்புகிறார்கள். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

'விட்டுவிடாதே' என்று இரண்டு பேர் உன்னிடம் கேட்டார்கள். ஒருவன் உயிரோடு, உன் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டான். இன்னொருவர் சாகிற நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உயிரோடு கேட்டவனைத் தூக்க ஆளில்லை. செத்தவரைத் தூக்க எட்டுப் பேர் இருக்கிறார்கள்.

இங்கே அவருக்குக் கோயிலுக்குப் பக்கத்தில் குழி வெட்டிவிட்டார்கள். சான்சிபாரிலிருந்து கல் வருகிறது. பிள்ளைகளுக்குத் துக்கப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். "விசுவாசமுள்ள ஊழியக்காரங்க தங்களோட தகப்பனச் சுமந்துட்டு வர்றாங்க" என்று கிரிம்ஷா துரை கண்ணீர் விட்டார். உன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். உனக்குப் பெருமையாக இருக்கும்.

அவர் உனக்குக் கம்பளி போர்த்தினார். மறுக்கவில்லை. அந்தக் கம்பளிக்கு நீ எத்தனை பேரைக் கொடுப்பாய்?

சிவௌலாவின் ஊரில் என் புருஷனின் குழியாவது இருக்கும். அதன் முன்னால் போய் நில். தோளில் அந்தப் பொதியோடு நின்று, உன் முகத்தை அவருக்குக் காட்டு.

தபீத்தா

*

சிவௌலாவின் ஊர்
1881 மே 6

அக்கா,

முதலில் இதைப் படி: அத்தான் உயிரோடு இருக்கிறார்.

நாங்கள் வந்தபோது குதிருக்குக் கீழே உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே பட்டுப்போன மரம் மாதிரி ஆகிவிட்டது. இனி அதில் நடக்க முடியாது. அவரோடு விட்டுவந்த மூவரில் கொம்போவும் பிழைத்துவிட்டான், ஆனால் எழுந்து நிற்கத் தெம்பில்லை. சாதாலாவும் இன்னொருவனும் நாங்கள் போன சில நாளிலேயே இறந்துவிட்டார்கள். மற்ற இருவருக்கும் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றியது இந்த ஊர்ப் பெண்கள்.

அத்தான் பொதியைப் பார்த்தார். "யாரு அது?"

"பாதிரியார்."

"எங்கள விட்டுட்டு எவ்வளவு தூரம் போனார்?"

"ஏரி வரைக்கும்."

"அவ்வளவுதானா?" என்றார். திரும்பவும் கடலை உரிக்கத் தொடங்கிவிட்டார்.

பிணத்தை ஊருக்குள் வைக்கச் சிவௌலா சம்மதிக்கவில்லை. ஊருக்கு வெளியே குடிசை கட்டி வைத்தோம். மழை விட்டது. கிளம்ப வேண்டும். எட்டுப் பேர், மூன்று சுமை. இரண்டைத்தான் தூக்க முடியும். வழியில் அடிமை பிடிக்கிறவர்கள் நடமாட்டம் என்பதால் இரண்டு நடை போகவும் வழியில்லை. முதலில் பாதிரியாரையும் கொம்போவையும் கொண்டு சேர்த்துவிட்டு, பிறகு அத்தானுக்கு ஆள் அனுப்பலாம் என்று நான் சொன்னேன். ஆமாம், அக்கா, சொன்னேன். வேண்டிய மட்டும் திட்டு.

அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. எல்லாருக்கும் முன்னால் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடித்ததும் எட்டுப் பேரில் ஒருவனான ஃபுந்தி கையிலிருந்த பொதி தூக்கும் கம்பைக் கீழே போட்டான்.

"நான் இனிமே பொணத்தத் தூக்க மாட்டேன். தூக்கினா உசுரத்தான் தூக்குவேன்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "நான் வாக்குக் குடுத்திருக்கேன்டா! செத்துப் போற மனுசனுக்குக் குடுத்த வாக்கு!" என்று கத்தினேன்.

அத்தான் நிமிர்ந்தார். "வாக்கு நீ குடுத்தது. அத நீயே தூக்கிக்க. இவனுங்க தோள்ல ஏத்தாத."

உடனே இரண்டு பேர் பொதியை இழுத்துப் பள்ளத்தில் தள்ளப் போனார்கள். அத்தான்தான் அதட்டினார். "ஏய், நில்லுங்கடா! அப்படியே போட்டுட்டுப் போற வேலைய அவர் பண்ணினார். நாம பண்ண வேணாம். ஆழமாத் தோண்டுங்க."

ஆழமாகவே தோண்டினோம். நான் ஜெபப் புத்தகத்தை வாசித்தேன். அவருக்காக அழுதேன். உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் எழுதுகிறேன், ஏனென்றால் இனி உனக்கு எதையும் மறைப்பதாக இல்லை. அவர் பெயரை மரத்தில் வெட்டினேன். பக்கத்து மரத்தில் சாதாலாவின் பெயர்.

பிணம் கட்டி வந்த கம்பையும் துணியையும் வைத்து இரண்டு தூளி கட்டியிருக்கிறோம். நாளை புறப்படுகிறோம். அத்தானும் கொம்போவும் தூளியில். கிரிம்ஷா துரைக்கு நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

சொங்கோரோ

*

மிக்கிண்டானி
1881 ஜூன் 3

தம்பிக்கு,

மேலே இருக்கிற கடற்கரை ஊரின் பெயரைப் பார்த்துத் திகைக்காதே. மக்குயூனியில் எனக்கு இனி வீடு இல்லை.

உன் கடிதத்தை நானே எடுத்துப்போய் கிரிம்ஷா துரையிடம் படித்துக் காட்டினேன். நீ பயந்த வேலை முடிந்துவிட்டது. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அப்ப உடல் வராதா?"

"வராது துரை. ரெண்டு ஆள் வர்றாங்க. உசுரோட."

"அந்த மகான ஒரு காட்டுல போட்டுட்டு... உன் தம்பி இனிமே இந்தக் கிராமத்துல கால் வைக்கக் கூடாது!"

"கால் வைக்க முடியாத ஒருத்தரத் தூக்கிட்டு வர்றான். அவருக்கும் இதே உத்தரவா?"

கதவைக் காட்டினார். மஜாலிவா உயிரோடு இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொங்கோரோ. பிழைத்தாரே, நல்லது என்றுகூட வாயில் வரவில்லை. வெட்டிய குழி வீணாகிவிட்டதே என்ற துக்கம் மட்டும்தான்.

அன்று சாயங்காலமே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிளம்பும்போது ஃபெரூசி பின்னால் வந்தான். அவனோடு கிடங்கில் கிடந்து பிறகு வெளியே விடப்பட்ட மற்ற இருவரும் வந்தார்கள். துரை தடுத்தும் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். பின் பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தவர்கள் யார் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாங்கள் ருவுமா வழியாக உங்களுக்கு எதிரே வருகிறோம். இந்தக் கடிதம் வேகமாக நடக்கிற ஆள் ஒருவன் கையில் எங்களுக்கு முன்னால் வரும்.

நீ எல்லாவற்றையும் எழுதிவிட்டாய் என்பதற்காக என் கோபம் போய்விட்டதாக நினைக்காதே. அப்படியே இருக்கிறது. உன் அத்தான் மேலும் இருக்கிறது. அவருக்கு என்ன தலைவர் வேலை வேண்டிக் கிடந்தது? எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே கேட்டால்தான் எனக்கு ஆறும்.

ஆட்கள் களைத்திருப்பார்கள். சந்தித்த இடத்தில் அவர்கள் இறக்கி வைக்கட்டும். உன் அத்தான் தூளியின் முன் கம்பை நான் பிடிக்கிறேன். பின் கம்பை நீ பிடி. அங்கிருந்து கடற்கரை வரை நல்ல தூரம் இருக்கிறது. உங்கள் இருவரையும் திட்டி முடிக்க அது போதும்.

தபீத்தா